கல்லமேட்டுப் பேருடலும் விடுபட்ட எழுத்துகளும்

எங்கள் சங்கரன்கோவிலைச் சுற்றி எவ்வளவு ஆழம் தோண்டினாலும் டைனோசர் எலும்பு அகப்படாது. கரிசலுக்கும் செவலுக்கும் அடியில் கிடப்பவை, அந்த விலங்குகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிப்போன பாறைகள். எலும்பைப் பொதிந்து காக்கும் படிவுப் பாறை இங்கே கிடையாது. ஆகவே இந்தப் பொருளில் எங்களுக்கு ஊர்ப்பெருமை சார்ந்த அக்கறை ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலக்கியம் பேசுமிடத்தில் டைனோசர் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கும் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். சிதைந்த ஏட்டைப் பார்த்துப் பாடம் தீர்மானிப்பவரும், சிதைந்த எலும்பைப் பார்த்து உடல் தீர்மானிப்பவரும் செய்வது ஏறத்தாழ ஒரே தொழில். முதல் தொழிலில் தமிழ் ஒரு நேர்மையைப் பழகி வைத்திருக்கிறது. இரண்டாவது தொழிலின் விளைவுகள் தமிழில் வந்து சேரும்போது அந்த நேர்மையை நாம் யாரிடமும் கேட்பதில்லை. இதுவே எங்கள் குறை.

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894-இல் அச்சிட்டார். 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் எந்தச் சுவடியிலும் கிடைக்கவில்லை. பிற்பகுதியில் பல பாடல்களில் சொற்களும் அடிகளும் சிதைந்து போயிருந்தன. ஐயர் யாப்பில் தோய்ந்தவர். விடுபட்ட சீர்களைப் பொருத்தமாக இட்டு நிரப்புவது அவருக்கு ஒரு நாழிகை வேலை. நிரப்பியிருந்தால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இன்றும் புறநானூற்றுப் பதிப்புகளில் அந்த இடங்களில் புள்ளிகள்தாம் கிடக்கின்றன. கம்பராமாயணத்திலோ கதை வேறு. வெள்ளியம்பலத் தம்பிரான் எழுதிச் சேர்த்தவை என்று சொல்லப்படும் ‘வெள்ளி பாடல்’களைக் களைந்தெடுக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவார்கள். இல்லாததை இல்லை என்று காட்டுவது ஒரு மரபு. அழகாக இட்டு நிரப்புவது இன்னொரு மரபு. டைனோசர் ஓவியங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இரண்டாவது மரபு.

அறிவியலாளர்கள் மனம்போன போக்கில் வரைகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் முறை மிகக் கறாரானது. எலும்பின் மேல் தசை பற்றியிருந்த இடத்தில் தழும்பு இருக்கும். தழும்பின் அகலமும் கரடுமுரடும் தசையின் பருமனைச் சொல்லும். மூட்டின் வளைவு, அந்தக் கால் எவ்வளவு தூரம் மடங்கும் என்பதைச் சொல்லும். மண்டையோட்டின் உட்குழிவு மூளையின் வடிவை ஓரளவு காட்டும். எலும்பில் தடமே பதியாத உறுப்புகளுக்கு உறவுமுறையைப் பிடிக்கிறார்கள். இன்றைய உயிர்களில் டைனோசர்களுக்கு ஒரு பக்கத்து உறவு முதலை. மறுபக்கம் பறவை, அது டைனோசரின் நேர் வாரிசு. இந்த இரண்டுக்கும் பொதுவாக உள்ளது இடைப்பட்டவற்றுக்கும் இருந்திருக்கும் என்பது வாதம். முதலைக்கும் நான்கு அறை இதயம், பறவைக்கும் நான்கு அறை இதயம்; ஆகவே டைனோசருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எந்த இதயமும் கிடைக்காமலே இதை ஓரளவு துணிந்து சொல்ல முடிகிறது. இரண்டு உறவினரும் வேறுபடும் இடத்தில் துணிவு குறைகிறது. டைரனோசாரஸின் பற்கள் வாயை மூடினாலும் வெளியே தெரிந்தனவா, உதடு மறைத்திருந்ததா என்பது இன்றும் ஓயாத வழக்கு. உதடு உண்டு என்று 2023-இல் சயன்ஸ் இதழில் ஒரு குழு, பற்சிப்பியின் தேய்மானத்தைச் சான்றாகக் காட்டி வாதாடியது. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

நிறம் மட்டும் எந்நாளும் தெரியவராது என்றுதான் எங்கள் தலைமுறை படித்தது. அந்தக் கதவும் ஓரளவு திறந்துவிட்டது. சீனத்தில் 1996-இல் அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் சிறு விலங்கின் உடலைச் சுற்றி மெல்லிய இறகிழைகள் பாறையில் பதிந்திருந்தன. அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நிறமி தாங்கும் நுண்பைகள், மெலனோசோம்கள், தென்பட்டன. செம்பழுப்பு நிறமியின் பை உருண்டை. கருநிறமியின் பை நீளம். இந்த வேறுபாட்டைக் கொண்டு அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறிப் பட்டையாக ஓடின என்று 2010-இல் எழுதினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு பிராணியின் வால் நிறம்! எங்களுக்கு இது எந்தக் காப்பியக் கற்பனைக்கும் குறைந்த வியப்பாகத் தோன்றவில்லை. ஆனால் இந்த ஆதாரம் இறகு பதிந்த மிகச் சிலவற்றுக்கே உண்டு. நம் புத்தகக் கடைகளில் தொங்கும் சுவர்ப்படங்களில் எல்லா விலங்குக்கும் ஒரே உறுதியோடு பச்சையும் சாம்பலும் பூசியிருக்கிறது. எது நுண்ணோக்கி சொன்ன நிறம், எது அச்சகத்தில் மிச்சமிருந்த நிறம் என்று யார் பிரித்தறிவது?

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றொரு சிற்றூர். கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்து மணலும் களியும் அங்கே மேலே தெரிகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே மிகப் பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டு, 1987-ஆம் ஆண்டு வெளியீட்டில் புதிய விலங்காக அறிவித்தார்கள். வைத்த பெயர் ‘பிருஹத்காயோசாரஸ் மேட்லியி’. பிருஹத் என்றால் பெரியது; காயம் என்ற சொல் சித்தர் பாடல் படித்தவர்களுக்குப் புதிதன்று. பெயரின் பின்பாதி, இந்திய டைனோசர்களை ஆராய்ந்த சார்லஸ் மேட்லியின் நினைவுக்கு.

கிடைத்தவை: இடுப்பெலும்பின் இரண்டு பகுதிகள், தொடையெலும்பில் ஒரு துண்டு, ஒரு கணைக்கால் எலும்பு, ஒரு முன்கை எலும்பு, வாலின் முள்ளெலும்பு ஒன்று. அவ்வளவே. கணைக்கால் எலும்பின் நீளம் இரண்டு மீட்டர். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே நம்மில் பெரும்பாலோரைவிட உயரம்! அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸின் கணைக்கால் எலும்பு இதைவிட ஏறக்குறைய அரை மீட்டர் குட்டை.

முதல் அறிவிப்பு இதனை ஊனுண்ணி என்றது. 1995-இல் சங்கர் சாட்டர்ஜி, இது நீள்கழுத்துத் தாவர உண்ணி வகையைச் சேர்ந்தது என்று மாற்றிச் சொன்னார். இன்று அதுவே ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டு காலில் நின்று உறுமும் வேட்டை விலங்கும், நாலு காலில் நின்று மரவுச்சி மேயும் விலங்கும் ஒரே எலும்புக் குவியலிலிருந்து எழுந்து வந்தன. இடையில் எலும்பு ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. பாடம் அதுவே, உரை மாறிற்று. உரை மாறுவதில் இழிவில்லை, பரிமேலழகரை மறுத்தவர் எத்தனை பேர்! மூலம் கையில் இருந்தால் மறுக்கலாம், மீண்டும் ஒப்பிடலாம்.

இங்கே மூலம் கையில் இல்லை. அந்த எலும்புகள் களிமண்ணில் ஊறி நொறுங்கும் நிலையில் இருந்தவை. எடுக்கும்போதே சிதையத் தொடங்கி, ஆராய்ச்சிக் கூடத்தில் நிலையாகச் சேருமுன்பே பொடியாகிப் போயின. முதல் கட்டுரையில் இருந்த படங்களோ போதாதவை. ஆகவே உலகின் பிற ஆய்வாளர்களுக்கு ஐயம் எழுந்தது. அது எலும்புதானா, கல்லாய்ப்போன மரமா என்றுகூடக் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. பக்கத்திலேயே சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 2022-இல் பால், அய்யாசாமி இருவரும் எலும்புகளின் பழைய களப் புகைப்படங்களைத் தேடியெடுத்து ‘ஜியாலஜி டுடே’ இதழில் வெளியிட்ட பிறகே மர ஐயம் பெரும்பாலும் தணிந்தது. மறு ஆண்டில் கிரெகரி பால், லாராமெந்தி என்னும் இரு ஆய்வாளர்கள் இதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடு நிற்குமானால், நிலத்தில் நடந்த விலங்குகளில் இதைவிடப் பெரிது எதுவும் அறியப்படவில்லை. நீலத்திமிங்கிலத்தோடு வைத்துப் பேச வேண்டிய உடல். நூற்றுப்பத்துக்கும் நூற்றெழுபதுக்கும் இடையே அறுபது டன் இடைவெளி. பத்து யானைகள் நிற்கலாம். அந்த இடைவெளியை மறைக்காமல் எழுதியதுதான் அந்தக் கட்டுரையில் எங்களுக்கு மிகப் பிடித்தது. செய்தித்தாள்களுக்கு அது பிடிப்பதில்லை, ஒற்றை எண்தான் வேண்டும்.

கல்லமேட்டுக்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. அதே இரு ஆய்வாளர்கள் 1979-இல் திருச்சிப் பகுதியின் இன்னொரு படிவிலிருந்து ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்னும் விலங்கை அறிவித்தார்கள். முதுகில் தகடுகள் நிமிர்ந்த ஸ்டெகோசாரஸ் குடும்பத்தின் சிறிய, பிந்திய வாரிசு என்பது அவர்கள் முடிவு. பெயரின் கவர்ச்சியும் சேர்ந்துகொண்டது. நாங்கள் பார்த்த சிறுவர் நூல்களில் திராவிடோசாரஸ் தகடும் முள்வாலுமாகப் புல்வெளியில் நிற்கிறது. 1996-இல் சாட்டர்ஜியும் ருத்ராவும் அந்த எலும்புகளை மறுபரிசீலனை செய்து, அவை டைனோசருடையவையே அல்ல, பிளீசியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றின் இடுப்பும் காலும் என்று எழுதினார்கள். அந்தப் படிவு கடலடியில் உண்டானது என்பதை நினைத்தால் அந்தத் திருத்தம் நம்பத் தகுந்தது. வழக்கு முற்றிலும் தீர்ந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், இன்று ஸ்டெகோசாரஸ் பட்டியலில் அதைச் சேர்ப்பவர் அரியர். ஆனால் புல்வெளியில் நிற்கும் அந்தப் படம் மட்டும் ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே போகிறது. ஏடெழுதுவோர் பிழை போல.

உலகில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லையா என்றால், நடந்தது. இங்கிலாந்தில் மாண்டெல் இகுவானோடானின் கட்டைவிரல் முள்ளை மூக்கின் மேல் கொம்பாக வைத்தார். 1854-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் எழுப்பிய சிலைக்கு அந்தக் கொம்பு இன்றும் இருக்கிறது. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட பின் முள் கைக்கு இறங்கியது. மங்கோலியாவில் முட்டைக் குவியலருகே கிடைத்த ஒன்றுக்கு 1924-இல் ‘முட்டைத் திருடன்’ என்று பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயர் வைத்தார்கள். 1990-களில் அதே வகை முட்டைக்குள் அதன் இனத்துக் கருவே கிடைத்தது. முட்டைகளின் மேல் கால் மடக்கி அடைகாத்த நிலையில் தாய் விலங்குகளும் கிடைத்தன. திருட்டுப் பட்டம் பெயரில் நின்றுவிட்டது. கோவலன் கதை படித்தவர்களுக்கு இது உறைக்கும்.

இந்தியாவிலேயே மேட்லி ஜபல்பூரில் கண்டெடுத்து 1920-களில் ‘லமேடாசாரஸ்’ என்று பெயரிட்ட விலங்கு, உடலெல்லாம் கவசம் பூண்டதாக விவரிக்கப்பட்டது. பிற்காலத்தில் பார்த்தால் கால் எலும்புகள் ஓர் ஊனுண்ணியுடையவை, கவசத் தகடுகள் வேறொரு விலங்குடையவை. இரண்டு உடல்கள் ஒரே குழியில் கலந்து கிடந்திருக்கின்றன. வலப்பாதி சங்கரனும் இடப்பாதி நாராயணனுமாய் ஒரே மேனியில் நிற்கும் சன்னிதியை நாள்தோறும் கடந்து போகிற ஊர்க்காரர்களான எங்களுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சங்கும் பதுமனுமாகிய நாகராசர்களின் வழக்கைத் தீர்க்கவும், கோமதியின் தவத்துக்கு இரங்கவும் இரண்டும் ஒன்றான கோலம் அது. இணைத்தது இணைத்ததாகவே அறிவிக்கப்பட்ட வடிவம். ஜபல்பூரில் இணைந்தது யாருக்கும் தெரியாமல் இணைந்தது.

தவறுகளைப் பட்டியலிட்டு விஞ்ஞானத்தைக் குறைத்துப் பேசும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படக் கூடாது. மேற்சொன்ன ஒவ்வொரு திருத்தமும் விஞ்ஞானிகளாலேயே நடந்தது. திருத்த முடிந்ததற்குக் காரணம் எலும்பு காப்பில் இருந்தது, அல்லது அது கிடந்த கிடையின் பதிவாவது இருந்தது. குஜராத்தின் ராகியோலியில் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா 1982 முதல் 1984 வரை எலும்புகளைத் திரட்டியபோது, எது எங்கே எப்படிக் கிடந்தது என்று விரிவான வரைபடம் போட்டு வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வில்சன், செரேனோ, அசோக் சாஹ்னி முதலியோர் அந்த வரைபடத்தின் துணையால் கலவையிலிருந்து ஒரு விலங்கைப் பிரித்தெடுக்க முடிந்தது. 2003-இல் அறிவிக்கப்பட்ட ராஜசாரஸ் நர்மதென்சிஸ் அதுதான். தலையில் ஒரு குட்டைக் கொம்பு. அதற்கு மண்டையோட்டின் சான்று இருக்கிறது. வரைபடம் இல்லாதிருந்தால் அங்கேயும் ஒரு லமேடாசாரஸ் பிறந்திருக்கும்.

மூலம் அழிந்தாலும் பதிவு காப்பாற்றும் என்பதற்கு எகிப்தில் கிடைத்த ஸ்பைனோசாரஸ் சான்று. ஸ்ட்ரோமர் 1915-இல் விவரித்த அந்த எலும்புகள் 1944-இல் மூனிக் நகர்மேல் விழுந்த குண்டுகளில் அழிந்தன. ஆனால் அவர் தந்த துல்லியமான வரைபடங்களும், பின்னர் கிடைத்த புகைப்படங்களும் இருந்தன. மொராக்கோவில் புதிய எலும்புகள் கிடைத்தபோது ஒப்பிட்டுப் பார்க்க அவையே உதவின. 2020-இல் துடுப்புப் போன்ற அதன் வால் வெளிப்பட்டு, விலங்கின் உருவமே மாறிற்று. மூனிக்கில் போர் செய்ததைக் கல்லமேட்டில் களிமண் செய்தது. ஆண்டுக்கணக்கில் நமக்கு மிஞ்சியது சில கோட்டுப் படங்கள்.

ஓவியரின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஏட்டுப் பதிப்பாசிரியர் புள்ளி வைக்கலாம்; ஓவியர் விலங்கின் கழுத்தை வரையாமல் விட முடியுமா? ஆறு எலும்பை மட்டும் வரைந்த படத்தை எந்தக் குழந்தை பார்க்கும்? இந்தக் கேள்விக்கு அத்துறையிலேயே பதில் இருக்கிறது. உடலின் வெளிக்கோட்டைக் கறுப்பு நிழலாக நிரப்பி, உண்மையில் கிடைத்த எலும்புகளை மட்டும் அதன்மேல் வெள்ளையாகக் காட்டுவது ஆய்வுக் கட்டுரைகளின் வழக்கம். எடை மதிப்பிட்டதாக மேலே சொன்ன கிரெகரி பால் இவ்வகைப் படங்களால் பேர் பெற்றவர். பல அருங்காட்சியகங்களில் நிறுத்திய கூட்டில், செய்து சேர்த்த எலும்புக்கு வேறு சாயம் கொடுக்கிறார்கள். முழு வண்ண ஓவியம் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். எதிர்ப் பக்கத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உள்ளங்கை அளவில் இருந்தால் போதும். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்து அருங்காட்சியகத்தில் பாரபாசாரஸ் தாகூரையின் கம்பீரமான கூடு நிற்கிறது. தாகூர் நூற்றாண்டான 1961-இல் கோதாவரிப் படுகையில் தொடங்கிய அகழ்வின் நினைவாகக் கவிஞர் பெயர் பெற்றது அது. முந்நூறு அளவிலான எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. பற்கள் சில கிடைத்தன, மண்டையோடு கிடைக்கவில்லை. அங்கே நிற்பது ஆறு உடல்களால் ஆன ஓருடல், அதன் தலை அனுமானத்தால் ஆனது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வியப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியாது என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ‘பாக்கிசெஃபலோசாரஸ்’ என்று வாய் குழறாமல் சொல்ல வருகிறது. ‘இது கிடைத்தது, இது ஊகம்’ என்பது மட்டும் புரியாதா?

அரியலூர்ப் பாறைகள் இன்னும் தீர்ந்துவிடவில்லை. அதே கல்லமேட்டுப் படிவில் கிடைத்த ஒரே ஒரு சிறு பல்லைக் கொண்டு, ட்ரூடான்டிட் என்னும் சிறிய ஊனுண்ணிக் குடும்பம் இந்தியாவிலும் வாழ்ந்தது என்று 2013-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தின் சீனத்து உறவுகளுக்கு இறகு உண்டு. எனவே சோழநாட்டு வடகரையில் இறகுள்ள டைனோசர் ஒன்று ஓடித் திரிந்திருக்கலாம், ஒரு பல் தாங்குகிற அளவுக்கான ‘லாம்’ அது. இன்னொரு பக்கம், சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் அந்த வட்டாரமெங்கும் இருக்கின்றன. சுரங்கம் வெட்டுவதால் புதிய அடுக்குகள் வெளிப்படுவதும் உண்மை. வெளிப்பட்டதைப் பார்க்க ஆளில்லாவிட்டால் அவை அரைவைக்குப் போவதும் உண்மை. மக்களிடம் ஆர்வம் இல்லாமலில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் தென்பட, டைனோசர் முட்டை என்று ஊர்திரண்டது. வந்து பார்த்த நிலவியலாளர்கள், அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிந்த கல்லுருண்டைகள் என்று விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. அம்மோனைட்டு என்ன குறைந்தா போயிற்று என்று எங்களுக்கு ஆதங்கம்.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் தொல்லுயிர் எச்சங்களுக்கென அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சுவரைக் கல்லமேட்டு விலங்குக்கு ஒதுக்கலாம். 2022-இல் வெளிவந்த களப் புகைப்படங்களைப் பெரிதாக்கி மாட்டி, அருகில் கணைக்கால் எலும்பை மெய்யளவில், இரண்டு மீட்டர், வெள்ளையாக வரைந்து, அது எப்போது கிடைத்தது, முதலில் என்னவென்று சொன்னார்கள், பின்பு என்ன சொன்னார்கள், எலும்பு என்னவாயிற்று என்று நாலே வரி தமிழில் எழுதி வைக்கலாம். முழங்காலுக்கு மேலே கறுப்பு நிழல் மட்டும் கூரை வரை போகட்டும்.